ஐ.பி. கொடுத்தால் சம்பளமும் வருமான வரியும் என்னாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் கழுத்தை நெரிக்கும்போது மாதச் சம்பளக்காரருக்கு வரும் முதல் பயம், சம்பளம் கைக்கு வருமா என்பதுதான். வரியைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து, வருமான வரி நோட்டீஸ் வந்த பிறகே எழுகிறது. இந்தப் பக்கம் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறது. தமிழ்நாட்டில் வாழும், சம்பளம் வாங்கும் தனிநபர்களை மனதில் வைத்து எழுதியது. வருமான வரிச் சட்டம் 1961-இன் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால், பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆகவே வரி விஷயத்தில் பிரிவு எண்களைத் தவிர்த்து விதியின் உள்ளடக்கத்தை மட்டும் சொல்கிறோம்.

மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி., திவால் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ஐ.பி. என்பது ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்பதன் சுருக்கம். கடனைக் கட்ட முடியவில்லை என்று கடன் வாங்கியவரோ, அவரை நொடித்தவர் என்று அறிவிக்கச் சொல்லி கடன் கொடுத்தவரோ நீதிமன்றத்தில் போடும் மனு அது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் மாநகர நொடிப்புச் சட்டம் பொருந்தும். மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். அங்கே மாவட்ட நீதிமன்றமோ, அதற்கு அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றமோ விசாரிக்கும்.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்துவிட்டதே என்று பலர் கேட்கிறார்கள். அதில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாத, மொத்தக் கடன் 35,000 ரூபாய்க்கு மிகாத ஏழைகளுக்கு ‘புதிய தொடக்கம்’ என்ற திட்டமும் அதே சட்டத்தில் உண்டு. அது இன்னும் ஏட்டிலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டிலோ கைமாற்றிலோ தனிநபர் கடனிலோ மாட்டிய ஒருவருக்கு நூறு வயது தாண்டிய அந்தப் பழைய சட்டங்கள்தான் வழி. அதனால்தான் அவற்றில் 500 ரூபாய், 50 ரூபாய், ‘ரூபாய்க்கு எட்டணா’ என்றெல்லாம் தொகைகள் வருகின்றன.

ஐ.பி. கொடுத்தால் சம்பளம் முழுவதையும் எடுத்துவிடுவார்களா?

எடுக்க முடியாது. ஐ.பி. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முடியாது. சம்பளத்துக்கான பாதுகாப்பு நொடிப்புச் சட்டத்தில் பிறப்பதில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில் இருக்கிறது. நொடிப்புச் சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது: 60ஆம் பிரிவு காப்பாற்றும் எதுவும் ரிசீவரின் (நொடித்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிப்பவர்) கைக்குப் போகாது.

கணக்கு இதுதான். மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஜப்தி செய்யலாம்.

சம்பளம் 25,000 ரூபாய் என்றால், 24,000-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8,000 ரூபாய். சம்பளம் 1,30,000 என்றால் 43,000 ரூபாய். எத்தனை பேருக்குக் கடன் இருந்தாலும், எத்தனை டிக்ரி (கடனைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) இருந்தாலும் ஒரு மாதத்தில் இந்த மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. ஒவ்வொரு டிக்ரிக்கும் தனித்தனியாக மூன்றில் ஒன்று என்று பிடிக்கும் சம்பளப் பிரிவு தவறு செய்கிறது. உடனே எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுங்கள்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மனைவி, பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச டிக்ரியில் கணக்கு தலைகீழ்: மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உங்களுக்குப் பாதுகாப்பு. மாறாக, உடலுழைப்புத் தொழிலாளரின் கூலியையும் வீட்டு வேலை செய்பவரின் கூலியையும் பணமாகவோ பொருளாகவோ ஒரு பைசாகூட ஜப்தி செய்ய முடியாது.

கடன் பத்திரத்தில் ‘60ஆம் பிரிவின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று கையெழுத்து வாங்கியிருந்தால்? அந்த வாசகம் செல்லாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது? கைக்கு வருவதா, மொத்தமா?

மொத்த மாத ஊதியத்தை வைத்து. விடுப்பில் இருக்கும்போது வரும் ஊதியமும் சேரும். அரசு ஊழியர், ரயில்வே, உள்ளாட்சி ஊழியர்களுக்கு மட்டும், அரசு அறிவிக்கையால் விலக்கப்பட்ட படிகளைக் கழித்துக்கொள்ளலாம். மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி ஆகியவை அப்படி விலக்கப்பட்டவை. அதனால் மொத்தச் சம்பளம் ஒன்றாகவே இருந்தாலும் மத்திய அரசு ஊழியரிடம் பிடிக்கும் தொகை தனியார் ஊழியரைவிடக் கணிசமாகக் குறையும். பணியிடை நீக்கத்தில் வரும் பிழைப்பூதியத்தையும் தொட முடியாது.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வருமான வரிப் பிடித்தம், பி.எஃப்., அலுவலகத்துக்குத் திருப்ப வேண்டிய முன்பணம் எல்லாம் ஜப்திக்குப் போகும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கழிவதில்லை. அரசு அலுவலக நடைமுறையில் அவை உங்களுக்கென்று காப்பாற்றப்பட்ட மூன்றில் இரண்டு பங்கிலிருந்தே போகின்றன. ஆகவே ‘மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும்’ என்று நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

இந்தப் பிடித்தம் எத்தனை வருடம் தொடரும்?

இதைத் தெரிந்துகொள்ளாததால் சம்பளக்காரர்கள் இழக்கும் பணம் அதிகம். ஒரே டிக்ரிக்காகச் சம்பளம் மொத்தம் 24 மாதம் ஜப்தியில் இருந்துவிட்டால், அந்த டிக்ரிக்காக இனி எப்போதும் சம்பளத்தைத் தொட முடியாது. விட்டு விட்டுப் பிடித்திருந்தாலும் மாதங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். டிக்ரிகள் வெவ்வேறாக இருந்தால், 24 மாதம் முடிந்ததும் 12 மாதம் ஓய்வு கொடுத்துவிட்டே அடுத்தவர் வர முடியும். ஜீவனாம்சத்துக்கு இந்த வரம்பு கிடையாது.

1,30,000 சம்பளக்காரரிடம் ஒரு டிக்ரிக்காகச் சம்பளம் வழியே பிடிக்க முடிந்த அதிகபட்சம் 43,000 × 24 = 10,32,000 ரூபாய். டிக்ரி 25 லட்சமாக இருந்தாலும் சரி. மீதிக்காக வேறு சொத்தைத் தேடலாம். சம்பளத்துக்கு வர முடியாது.

25ஆவது மாதம் பிடித்தம் தானாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சம்பளப் பிரிவிடம் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. அதை மீறிச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையில் உள்ள விதி. பயந்து பிடித்துக்கொண்டே இருப்பார்கள். 24 மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, நிறைவேற்று மனு நடக்கும் அதே நீதிமன்றத்தில் ஜப்தியை நீக்கக் கோரி மனு போட வேண்டும். மாதாமாதம் பிடித்த தொகை நீதிமன்றக் கணக்கில் உண்மையிலேயே செலுத்தப்பட்டிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

பிடித்துக்கொண்ட பணம் என் கைக்கு வரவே இல்லை. அதற்கும் வருமான வரியா?

ஆம், முழுவதற்கும். சம்பளம் உங்களுக்குச் சேர்ந்தபின் உங்கள் கடனுக்குப் போகிறது. அது வருமானத்தைச் செலவிட்ட விதம்தானே தவிர வருமானமே இல்லாமல் போனதல்ல. 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில், நீதிமன்ற ஆணைப்படி மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுத்த ஜீவனாம்சத்தைக்கூட வருமானத்தில் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

மேலே சொன்ன 1,30,000 ரூபாய் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஜப்தி போக மாதம் 87,000, வருடத்துக்கு 10,44,000. ‘12 லட்சத்துக்குள் வரி இல்லையே’ என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வரித்துறை பார்ப்பது 15,60,000 ரூபாயை. 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி நிலைக்கழிவு 75,000 போக 14,85,000. அதற்கு வரி 1,02,750, கல்வி-சுகாதார வரியும் சேர்த்து 1,06,860 ரூபாய். மாதம் சுமார் 8,905. அடிப்படைச் சம்பளம் 65,000 என்றால் பி.எஃப். 7,800. இரண்டையும் கழித்தால் கையில் வருவது ஏறத்தாழ 70,300 ரூபாய்தான். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் பற்றிய முடிவுகளை இந்த எண்ணை வைத்தே எடுக்க வேண்டும்.

படிவம் 16-இல் மொத்தச் சம்பளமும் காட்டப்பட்டிருக்கும். ஜப்தித் தொகையை ‘இதர கழிவு’ என்று நீங்களாகக் கழித்து ரிட்டர்ன் போட்டால், துறையின் கணினியே பொருந்தாமையைக் கண்டுபிடித்து, வரி கேட்டுக் கேட்பு நோட்டீஸ் அனுப்பும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி, எல்.ஐ.சி. பணமெல்லாம்?

பி.எஃப்., பி.பி.எஃப்., கிராஜுவிட்டி, ஓய்வூதியம், உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் பணம் ஆகியவற்றை உரிமையியல் டிக்ரிக்காக ஜப்தி செய்ய முடியாது. ஓய்வுக்காலப் பணத்தை வாங்கி நிரந்தர வைப்பில் போட்ட பிறகும் அதன் தன்மை மாறாது என்று ராதேஷ்யாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப் போடும்போது வேறு பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். கலந்துவிட்டால் எது எது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இதை வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறாரே என்று பி.எஃப்.-ஐ எடுத்துக் கொடுத்துவிடுபவர்கள் ஏராளம். யாராலும் தொட முடியாத பணம் அது. ஐந்து வருடச் சேவை முடியாமல் எடுத்தால் வரியும் உண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டே தருவார்கள், பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். கடைசிப் பாதுகாப்பை இழந்து, வரியும் கட்டி, கடனில் ஒரு பகுதியை மட்டும் அடைப்பது பெரும்பாலும் தவறான முடிவு.

தாலி, சமையல் பாத்திரங்கள், படுக்கை, உடுதுணி, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்-மாடு ஆகியவையும் 60ஆம் பிரிவின் பாதுகாப்பில் வருபவை.

வருமான வரிப் பாக்கி இருக்கிறது. ஐ.பி. கொடுத்தால் அது தள்ளுபடி ஆகிவிடுமா?

ஆகாது. அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன், விடுவிப்பு ஆணை (நொடித்தவரைக் கடன்களிலிருந்து விடுவிக்கும் நீதிமன்ற ஆணை) கிடைத்த பிறகும் உங்களைத் தொடரும் என்று மாகாண நொடிப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. மோசடியால் உண்டான கடனும் ஜீவனாம்சமும் அப்படித்தான். தவிர, சொத்தை விற்றுப் பங்கிடும்போது அரசு, உள்ளாட்சி பாக்கிகளுக்கு முன்னுரிமை உண்டு. கைமாற்று கொடுத்த நண்பருக்குப் பத்து பைசா கிடைக்காத இடத்திலும் வரித்துறைக்கு முழுதாகக் கிடைக்கலாம்.

எனவே வரிப் பாக்கிக்கு ஐ.பி. மருந்து இல்லை. கேட்பு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் தவணை கேட்டு மதிப்பீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் மாதம் 1 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். கேட்பே தவறு என்று மேல்முறையீடு செய்திருந்தால், வழக்கமாக 20 சதவீதம் கட்டிவிட்டு மீதிக்குத் தடை கோரலாம். வேறு வருடத்து ரீஃபண்டைப் பழைய பாக்கிக்குச் சரிக்கட்டுவதாக இணையதளத்தில் அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் பதில் போடுங்கள், மௌனம் சம்மதமாகிவிடும்.

வரித்துறை நீதிமன்றம் போகாமலே சம்பளத்தில் பிடிக்குமா?

பிடிக்கும். டிக்ரி தேவையில்லை, உங்கள் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினால் போதும். ஆனால் அங்கும் 60ஆம் பிரிவின் பாதுகாப்பு பொருந்தும் என்று வரிச் சட்டமே சொல்கிறது. நிறுவனம் பயந்துபோய் முழுச் சம்பளத்தையும் அனுப்பிவிடாமல் இருக்க, இந்த விதியைக் குறிப்பிட்டு சம்பளப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கை முடக்குவது தனி வழி. அதில் கிடக்கும் இருப்பு முழுவதும் சிக்கும். முடக்கம் வந்தால், கணக்கில் இருப்பது சம்பளம் என்பதற்கான வங்கி அறிக்கையோடு அன்றே அலுவலரை அணுகுவது நல்லது.

வீட்டை வங்கி ஏலத்தில் விற்றுவிட்டது. எனக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. வரி வருமா?

வரும். இந்தப் பக்கத்திலேயே மிகவும் கசப்பான பதில் இதுதான்.

வீடு உங்கள் பெயரில் இருந்தது. விற்ற விலை உங்கள் கடனைக் குறைத்தது. ஆகவே மூலதன ஆதாயம் உங்களுடையது, வங்கியுடையதல்ல. 18 லட்சத்துக்கு வாங்கிய வீடு 60 லட்சத்துக்கு ஏலம் போகிறது. வங்கி 58 லட்சத்தை எடுத்துக்கொண்டு 2 லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதாயம் 42 லட்சம். உங்கள் சம்பளம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், 12.5 சதவீதத்தில் வரி 5,25,000. 4 சதவீதக் கூடுதல் வரியோடு 5,46,000 ரூபாய். கைக்கு வந்தது 2 லட்சம். 12 லட்சம் வரை கிடைக்கும் வரித் தள்ளுபடி இந்த ஆதாயத்துக்குக் கிடையாது.

என்ன செய்யலாம்? 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனை என்றால், பணவீக்கக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதத்தில் வரி கணக்கிடும் வாய்ப்பும் உண்டு. இரண்டையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய வீடு என்றால் வித்தியாசம் லட்சங்களில் வரும். மாடி கட்டியது, கிணறு வெட்டியது போன்ற செலவுகளின் ரசீதுகளைத் தேடி எடுங்கள். அவையும் அடக்க விலையில் சேரும். 50 லட்சமும் அதற்கு மேலும் ஏலம் போனால் வாங்கியவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டியிருப்பார். இங்கே அது 60,000 ரூபாய். உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏ.எஸ்.-இல் பார்த்து, கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டு என்ற விதியும் இருக்கிறது. ஏலத்தில் வீடு இழந்தவருக்கு அதனால் என்ன பயன்?

அதனால்தான் ஏலம் வரை போகவிடாமல், வங்கியின் சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்பது மேல். கடனுக்கு மேல் சில லட்சமாவது மிஞ்சும்படி விலை பேச முடியும். வரியையும் அந்தக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.

வங்கி ஒரே தடவைத் தீர்வில் 4 லட்சம் தள்ளுபடி செய்தது. அது வருமானமா?

சொந்தச் செலவுக்கு வாங்கிய தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கியின் அசல் தள்ளுபடி வருமானமாகாது. தொழில் செய்பவர் நிலை வேறு. செலவாகக் காட்டிக் கழித்துக்கொண்ட சரக்குப் பாக்கி தள்ளுபடியானால் அது அந்த வருடத்து வருமானம். தொழில் கடனின் அசல் தள்ளுபடி பற்றி 2018-இல் மகிந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த சாதகமான தீர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். அதன் பிறகு 2023-இல், பணமாகக் கிடைக்கும் சலுகையும் தொழில் வருமானமே என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனமே கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும்.

நொடித்தவர் என்று அறிவித்த பிறகு ரிட்டர்னை யார் போடுவது?

சம்பளத்துக்கு நீங்கள்தான். பான் எண் மாறாது, வருமான வரிக் கணக்கும் மூடப்படாது. உங்கள் கடை வாடகையை ரிசீவர் வாங்குகிறார் என்றால், அந்த வருமானத்துக்கு அவர் உங்கள் பிரதிநிதியாக வரிக்குப் பொறுப்பேற்பார். ரிசீவர் வசூலித்தது, விற்றது பற்றிய கணக்கை மார்ச் முடிந்ததும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே வாடகை இரண்டு ரிட்டர்னிலும் வருவதும், இரண்டிலுமே வராமல் போவதும் நடக்கிறது.

மனு போடுவது எப்படி? எங்கே தவறுகிறது?

கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது டிக்ரிக்காகக் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து நீதிமன்றத்தில் மனு. கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, உங்கள் சொத்து முழுவதும், ஜப்தி செய்ய முடியாதவை உட்பட, கணக்குப் புத்தகங்கள், முன்பு எப்போதாவது மனு போட்டிருந்தால் அதன் விவரம். இவை எல்லாம் வேண்டும். கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போகும். கடனை அடைக்க இயலாது என்பதை முதல் பார்வையிலேயே நம்பும் அளவுக்கு நீங்கள் காட்டினால் போதும்; உங்களை நொடித்தவர் என்று சொல்லும் அறிவிப்பு ஆணையை நீதிமன்றம் தரும். அதில், எத்தனை காலத்துக்குள் விடுவிப்பு கோர வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கும்.

மனு போட்ட அன்றே ஜப்தியும் வழக்கும் நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. தானாகக் கிடைக்கும் தடை பழைய சட்டத்தில் இல்லை. அறிவிப்பு ஆணை வந்த பிறகே, நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடனை இந்த ஆணை தொடாது. காசோலை திரும்பிய வழக்குகளும் தொடர்ந்து நடக்கும்.

மனு கவிழ்வது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வீட்டை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ விலையில்லாமல் எழுதிக்கொடுத்திருந்தால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். கடைசி மூன்று மாதத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு மச்சானுக்கு மட்டும் கடனைத் தீர்த்திருந்தால், அந்தப் பணத்தை அவரிடமிருந்தே திரும்ப வாங்குவார்கள். சொத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. விடுவிப்பு கோரும் கெடுவை மறந்துவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். பட்ட பாடெல்லாம் வீண். இந்தக் கடைசித் தவறுதான் அடிக்கடி நடக்கிறது. ஆணை கையில் கிடைத்த அன்றே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

விடுவிப்பும் எளிதல்ல. சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுகூட, அதாவது பாதிகூட, இல்லையென்றால், அது உங்கள் தவறால் வந்ததல்ல என்று காட்ட வேண்டும். இனி வரும் சம்பளத்தில் இவ்வளவு செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடும் விடுவிக்கலாம்.

வேலை போய்விடுமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. வங்கி ஊழியர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்: நொடித்தவர் என்று எப்போதாவது அறிவிக்கப்பட்டவரை வங்கி வேலைக்கு வைத்திருக்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. கடன் கொடுத்தவர்களோடு சமரசத் தீர்வு செய்துகொண்டவரையும் அது சேர்க்கிறது. வங்கி வேலையில் இருப்பவர் வழக்கறிஞரைப் பார்க்காமல் மனுவில் கையெழுத்துப் போடவே கூடாது.

மத்திய அரசு ஊழியர், கடனுக்காகவோ நொடிப்புக்காகவோ தன்மேல் வழக்கு வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நடத்தை விதி. தன் சக்திக்கு மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று நிரூபிப்பதும் அவர் பொறுப்பு. மருத்துவச் செலவு ரசீதுகள் அங்கே கைகொடுக்கும். சாதாரணத் தனியார் வேலையைப் பறிக்கும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. விடுவிப்புப் பெறாதவர் நிறுவன இயக்குநராகவோ, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருக்க முடியாது. அதுவரை, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. தொகையைப் பார்த்து அலட்சியமாக விடாதீர்கள். சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

அலுவலக நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் ஐ.பி. கொடுத்துவிட்டார். நான்?

அவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு உங்களை விடுவிக்காது. கூட்டுறவு கடன் சங்கத்துக்கு நீங்கள் கொடுத்த ஒப்புதலின்படி உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கத் தொடங்கலாம். நீங்கள் கட்டிய தொகைக்கு ரசீது வாங்கி, அந்தத் தொகைக்கு நீங்களும் ஒரு கடன் கொடுத்தவர் என்று ரிசீவரிடம் கோரிக்கை பதிவு செய்யுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. அதனால் பங்கீட்டில் கிடைக்கக்கூடிய கொஞ்சமும் போய்விடுகிறது.

சம்பளக் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருக்கின்றன. அவர்களே எடுத்துக்கொள்கிறார்களே?

சம்பளம் கணக்கில் ஏறியபின், ஒப்பந்தத்தில் உள்ள ஈடுகட்டும் உரிமையை வைத்து வங்கி எடுக்கிறது. அது நீதிமன்ற ஜப்தி அல்ல. அதனால் மூன்றில் ஒரு பங்கு வரம்பு அங்கே நடைமுறையில் கைகொடுப்பதில்லை. கடன் இல்லாத வேறு வங்கியில் சம்பளக் கணக்கைத் தொடங்கிக்கொள்ளத் தடை இல்லை. சம்பளத்தை மாற்ற மாட்டேன் என்று கடன் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் படித்துப் பாருங்கள். தானியங்கித் தவணைப் பிடித்தம் பணமின்றித் திரும்பினாலும் காசோலை திரும்பியது போலக் குற்ற வழக்கு வரும். இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. கணக்கை மாற்றுவதோடு தீர்வு பேச வங்கிக்கு எழுதுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறும் அழைப்புகளின் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

நான் கடன்காரன் இல்லை. என் முதலாளிதான் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

தனிநபர் முதலாளி என்றால் பழைய சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் ஊழியர் சம்பளமும் இருக்கிறது: மனுவுக்கு முந்தைய நான்கு மாதச் சம்பளம், ஆனால் ஆளுக்கு 20 ரூபாய் வரைதான். 1920-இல் எழுதிய எண் அப்படியே நிற்கிறது. அதற்கு மேலான பாக்கிக்கு மற்ற கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இது திருத்தப்பட்டே ஆக வேண்டிய அநீதி. ஆனாலும் ரிசீவரிடம் கோரிக்கையைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். கூடவே தொழிலாளர் துறையிலும் சம்பளப் பாக்கிக்கு மனு கொடுங்கள். பி.எஃப். பாக்கிக்கு நிறுவனச் சொத்தின்மேல் முதல் உரிமை இருப்பதால், பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கும் புகார்தான் பல நேரம் முதலில் பலன் தரும்.

சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தால், அந்த வரியை மறுபடி உங்களிடம் கேட்க முடியாது என்பது சட்டம். நடைமுறையில் 26ஏ.எஸ்.-இல் பதிவு இல்லாததால் உங்களுக்குக் கேட்பு வரும். பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கி அறிக்கை, கிடைத்தால் படிவம் 16 ஆகியவற்றோடு மதிப்பீட்டு அலுவலரிடம் முறையிடுங்கள். கடை பூட்டப்பட்டு, கணினிகள் ஜப்தியான பிறகு சம்பளச் சீட்டு கிடைக்காது. சம்பளம் தள்ளிப்போகத் தொடங்கிய முதல் மாதமே பழைய சீட்டுகளையெல்லாம் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.